அச்சுக்கூடத்திலிருந்து பீடத்திற்கு

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் மக்கள் கூடி நின்று பேசும் வேளையில், இத்தகைய பேச்சை நாம் ஒரு முறையேனும் கேட்டிருப்போம். “என் மகன் முன்பெல்லாம் பூசை உதவிக்கு முதல் ஆளாக வந்து நிற்பான், சாமி. இப்போது சங்கம், கூலிப் பிரச்சினை, மனு எழுதுவது என்று அலைகிறான். இரவுச் செபமாலைக்கு வீட்டிலேயே இருப்பதில்லை” என்று ஒரு தாய் பங்குத்தந்தையிடம் முறையிடுவார். அதே முற்றத்தின் மற்றொரு மூலையில் ஓர் இளைஞன் தன் தோழனிடம், “முழங்காலில் நின்றால் கூலி உயருமா?” என்று கேட்பான். தாயின் கவலையில் உண்மை இருக்கிறது. இளைஞனின் கேள்வியில் வேதனை இருக்கிறது. ஆயினும் இருவரும் ஒரே தவறைத்தான் செய்கின்றனர். விசுவாசம் ஒரு வேலை, நீதிக்காக உழைப்பது வேறொரு வேலை. ஒன்றைப் பற்றிக்கொண்டால் மற்றதைக் கைவிட வேண்டும் என்று இருவருமே எண்ணுகின்றனர்.

இவ்விரண்டையும் ஒரே மூச்சாக வாழ்ந்து காட்டிய இருவரை இம்மாதம் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். ஒருவர் பெல்ஜிய நாட்டுக் குரு; முதிர்ந்த வயதில் கர்தினாலாக மறைந்தவர். மற்றவர் பிரான்சு நாட்டு அச்சுத் தொழிலாளி. 23 வயதில் வதைமுகாமில் மாண்டவர். முதல்வர் தொடங்கிய இயக்கத்தில் வளர்ந்த பிள்ளை இரண்டாமவர். இருவரும் ஒரே பாடத்தையே நமக்குக் கற்பிக்கின்றனர்.

மரக்காலணிகளின் ஓசை

யோசேப் கார்டைன் 1882-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் என்னும் ஊரில் பிறந்தார். ஹாலே என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவருடைய தந்தை உழைத்துப் பிழைத்தவர். சிறிய அளவில் நிலக்கரி வியாபாரம் செய்தவர். விடியற்காலையில் படுக்கையில் கிடக்கும்போதே, தெருக்கல்லில் மரக்காலணிகள் மோதும் ஓசையைச் சிறுவன் யோசேப் கேட்பதுண்டு. ஆலைக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளரின் காலடி ஓசை அது. அவர்களில் சிறுவர் சிறுமியரும் இருந்தனர்.

யோசேப் குருமடம் சேர்ந்தார். அவரோடு பள்ளியில் படித்த தோழர்கள் ஆலைக்குச் சென்றனர். விடுமுறையில் ஊர் திரும்பியபோது அத்தோழர்கள் அவரை முன்போல் நெருங்கவில்லை. படித்தவன், குருக்கள் பக்கம் போனவன், செல்வரோடு சேர்ந்தவன் என்று விலகி நின்றனர். சில ஆண்டுகளுக்குள் ஆலை அவர்களுடைய உடல்நலத்தையும் நல்லொழுக்கத்தையும் தின்றுவிட்டதையும், அவர்கள் ஆலயத்தையே மறந்துவிட்டதையும் அவர் கண்டார். அது அவருடைய நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

1903-ஆம் ஆண்டு அவருடைய தந்தை மரணப் படுக்கையில் இருந்தார். மகனைக் குருவாக்குவதற்காக முதிய வயதிலும் ஓயாது உழைத்துத் தேய்ந்த உடல் அது. அப்படுக்கையின் அருகே முழங்காலிட்டு, தொழிலாளர் குலத்தின் மீட்புக்காகத் தம் வாழ்வு முழுவதையும் அளிப்பதாக யோசேப் கடவுளுக்கு வாக்களித்தார். 1906-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் செயல்படும் விதத்தை நேரில் கண்டறிந்தார்.

1912-ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரின் லாக்கன் பங்கிற்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். பெல்ஜிய அரசரின் மாளிகை இருக்கும் பகுதி அது. ஆனால் அதே பங்கின் சந்துகளில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. கார்டைன் வீடு வீடாக நடந்தார். முதலில் தையல் வேலை செய்யும் இளம்பெண்களை ஒன்றுகூட்டினார். எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி, முதலாளி எப்படி நடத்துகிறார், உடன் வேலை செய்பவர்களில் நோயுற்றவர் யார் என்று அவர்களையே கேட்டறிந்து வரச் செய்தார். இளம் தொழிலாளரின் நிலையைப் பற்றி அவர்களை விட நன்கு அறிந்தவர் யார்?

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றி, அதன் தொழிலாளரை வலுவில் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அதைக் கண்டித்த கார்டைன் 1916-ஆம் ஆண்டின் இறுதியில் சிறையில் அடைக்கப்பட்டார். 1918-இல் மறுபடியும் சிறை. அவ்வறையில் அவர் திருநூலை ஊன்றி வாசித்தார்; இளம் தொழிலாளருக்கென ஓர் இயக்கம் எவ்வாறு அமைய வேண்டுமென்று சிந்தித்து எழுதினார். போர் முடிந்ததும் ஃபெர்னான் தோனே, பால் கார்சே, ஜாக் மேர்ட் ஆகிய மூன்று இளைஞர்கள் அவருடன் இணைந்தனர். இளந்தொழிலாளர் குழு 1919-இல் உருவாயிற்று. 1924-இல் அது ‘இளம் கிறிஸ்தவ தொழிலாளர்’ என்ற பெயரைச் சூடியது.

காண், சீர்தூக்கு, செயலாற்று

இவ்வியக்கத்தின் முறை மூன்றே சொற்களில் அடங்கும். முதலில் காண வேண்டும். அடுத்து, கண்டதை நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்க வேண்டும். அதன்பின் செயலாற்ற வேண்டும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் இம்மூன்றில் ஒன்று விடுபட்டாலும் என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காணாமல் சீர்தூக்குகிறவன் வாய்ச்சொல் வீரனாகிறான். உலகம் கெட்டுவிட்டது என்பான். பக்கத்து வீட்டுப் பையன் எந்தப் பட்டறையில் எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. கண்டவுடன் சீர்தூக்காமல் செயலில் பாய்கிறவன், இன்று கோபத்தால் எழுந்து நாளை களைப்பால் விழுவான். சில வேளை தான் எதிர்த்த அநீதியையே தானும் செய்வான். கண்டும் சீர்தூக்கியும் செயலாற்றாதவனோ, காயமுற்றவனைக் கண்டு விலகிப் போன லேவியனுக்கு ஒப்பாவான். அந்த லேவியனும் காணாமல் இல்லை. கண்டபின்தான் மறுபக்கமாய்ச் சென்றான் என்று நம் ஆண்டவர் உவமையில் சொல்லியிருக்கிறார்.

கார்டைன் வற்புறுத்திய மற்றொன்றும் உண்டு. தொழிலாளிக்கு அப்போஸ்தலர் தொழிலாளியே. குருவானவர் ஆலைக்குள் சென்று ஒவ்வொரு பொறியின் அருகிலும் நிற்க முடியாது. அங்கே நிற்கிறவன் ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்ற இளைஞன். பொதுநிலையினர் என்போர் குருக்களுக்குத் துணையாள் மட்டுமே என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிவான போதனை. ஆகவே எதிர்ப்பும் வந்தது. இவர் வகுப்புப் பகையை வளர்க்கிறார், பொதுவுடைமைக் கட்சிக்கு வழி திறக்கிறார் என்று கத்தோலிக்கச் செல்வர் சிலர் குறை கூறினர். எல்லா இளைஞருக்கும் ஒரே கத்தோலிக்கச் சங்கம் போதாதா, தொழிலாளருக்குத் தனிச் சங்கம் எதற்கு என்ற ஐயம் திருச்சபைத் தலைவர்களிடமே எழுந்தது.

1925-ஆம் ஆண்டு கார்டைன் உரோமைக்குச் சென்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதரைச் சந்தித்தார். தொழிலாளரைத் திருச்சபை இழந்துவிடக் கூடாது, அவர்களுக்காகவே என்னை அளிக்க விரும்புகிறேன் என்று மனம் திறந்து பேசினார். பாப்பரசர் மகிழ்ந்து அவ்வியக்கத்திற்குத் தம் ஆசியை வழங்கினார். அதே ஆண்டில் இயக்கத்தின் முதல் மாநாடு நடைபெற்றது. 1927-இல் அது பிரான்சில் வேர் விட்டது. குருக்களும் இளைஞரும் அதை நாடுதோறும் கொண்டு சென்றனர்.

ரென் நகரத்து அச்சுத் தொழிலாளி

பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ரென் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், ஒன்பது பிள்ளைகள் கொண்ட எளிய குடும்பத்தில் இரண்டாமவராகப் பிறந்தார் மார்செல் கல்லோ. ஏறக்குறைய பதின்மூன்று வயதில் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். எழுத்துக் கோப்பது அவருடைய வேலை. அவருக்குக் கிடைத்த சொற்பக் கூலி தாயின் கையில் சேர்ந்தது.

அச்சுக்கூடத்தில் அவர் காதில் விழுந்த பேச்சு பெரும்பாலும் இழிந்த பேச்சு. பக்தியுள்ள பையன் என்று சிலர் கேலி செய்தனர். பெற்றோர் எவருக்கும் இந்த அச்சம் தெரியும்: நல்ல பிள்ளையாக வளர்த்தோமே, வேலைத்தலத்தில் கெட்டுவிடுவானோ? மார்செலின் தாயும் அவ்வாறே அஞ்சினார். மகனோ அவ்விடத்தை விட்டு ஓடவில்லை; வாய்மூடி ஒதுங்கவும் இல்லை. இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார். தோழர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டிற்கும் கூட்டத்திற்கும் அழைத்தார். தொழில் பழகும் சிறுவர்களின் குறைகளைக் கேட்டார். நற்கருணை வாங்கிய பலத்தில்தான் அவர் மறுநாள் எழுத்துப் பெட்டியின் முன் நின்றார். நாளடைவில் தம் பகுதிக் குழுவின் தலைவரானார்.

1940-இல் ஜெர்மானியப் படை பிரான்சைக் கைப்பற்றியது. போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் ரென் இரயில் நிலையத்தில் குவிந்தனர். மார்செலும் அவர் தோழர்களும் அங்கே சென்று அவர்களுக்கு உதவினர். ஆபத்தில் இருந்த சிலர் தப்பிச் செல்லவும் துணை நின்றனர்.

1943-ஆம் ஆண்டு பெப்ருவரியில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. இளைஞர்கள் ஜெர்மனிக்குச் சென்று ஆலைகளில் உழைக்க வேண்டும். மார்செலுக்கும் ஆணை வந்தது. அவ்வாண்டு மார்ச் 8-ஆம் நாள் ரென் நகரின்மீது குண்டு விழுந்தது. இடிபாடுகளுக்குள் அவருடைய தங்கை மாண்டு கிடந்தாள். அந்தத் துயரம் ஆறும்முன்பே அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஓடி ஒளிவதா? போவதா?

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஒளிந்துகொண்டவர்களும் இருந்தனர், பகைவனுக்குப் படைக்கலம் செய்து கொடுப்பது தகாது என்று மறுத்தவர்களும் இருந்தனர். அவர்களும் மனச்சாட்சியின்படியே நடந்தார்கள். மார்செல் ஒளிந்தால் குடும்பம் தண்டிக்கப்படக்கூடும். அவருடைய அண்ணன் அவ்வாண்டு குருப்பட்டம் பெறவிருந்தார், அதுவும் தடைபடக்கூடும். இவற்றோடு வேறொரு எண்ணமும் அவர் நெஞ்சில் இருந்தது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர் அந்நிய நாட்டிற்குக் கொண்டு போகப்படுகிறார்களே, அவர்களோடு இருக்கப்போவது யார்? தாம் தொழிலாளியாகப் போகவில்லை, வேதபோதகராகப் போவதாகவே அவர் தம் உறவினரிடம் சொன்னார். மார்ச் 19-ஆம் நாள், தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பர் திருநாளன்று, தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும் பெற்றோரையும் விட்டு இரயில் ஏறினார்.

“அளவுக்கு மீறிய கத்தோலிக்கன்”

துரிங்கியாப் பகுதியின் சேலா-மேலிஸ் என்னும் ஊரில் ஒரு படைக்கல ஆலையில் அவருக்கு வேலை. குளிர், பசி, தாயகத்தின் ஏக்கம் ஆகிய அனைத்தையும் விட, திருப்பலி இல்லாத ஞாயிறுகளே அவரை வாட்டின. முதல் இரண்டு மாதங்கள் அவர் மனம் சோர்ந்து வீழ்ந்தார். வேதபோதகராகப் புறப்பட்டவர், இருள் சூழ்ந்த மனத்தோடு படுக்கையில் கிடந்தார். புனிதர்களின் வாழ்வில் இத்தகைய பக்கங்களை நாம் விரைந்து புரட்டிவிடுகிறோம். அவற்றையும் வாசிப்பது நல்லது. நம் பிள்ளைகள் அப்பக்கங்களில்தான் தங்களை அடையாளம் காண்பார்கள்.

பின்னர் அவ்வூரில் ஞாயிறு திருப்பலி நடக்கும் ஓர் அறை இருப்பதை அறிந்தார். அன்று முதல் புதிய மனிதரானார். முகாமில் தளர்ந்து கிடந்த பிரெஞ்சு இளைஞரைத் திரட்டினார். விளையாட்டுக் குழு அமைத்தார், நாடகம் நடத்தினார், பாட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்தார். நோயுற்றவரைக் கவனித்தார். பல்வலியாலும் தலைவலியாலும் தாமே துன்புற்றபோதும் சுற்றி வந்தார். பிரெஞ்சுக் குரு ஒருவர் தம் தோழர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்ற வகை செய்தார். மற்ற ஊர்களில் இருந்த இளம் கிறிஸ்தவ தொழிலாளர்களோடும் தொடர்பு கொண்டார்.

பந்து விளையாட்டும் நாடகமும் சமூக நீதியா என்று ஒருவர் கேட்கலாம். மனிதனைப் பொறியின் உறுப்பாக்கி, பெயரை அழித்து, எண்ணை ஒட்டி வைப்பதே அந்த ஆட்சியின் அநீதி. அங்கே ஒரு தோழனைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நீ கடவுளின் மகன்’ என்று அவனுக்கு நினைவூட்டுவது அந்த அநீதியின் வேரை வெட்டுவதாகும். நாஜி ஆட்சியாளர் இதை நன்றாகப் புரிந்துகொண்டனர். தம் நாட்டிலிருந்த பிரெஞ்சுத் தொழிலாளரிடையே கத்தோலிக்க இயக்கத்தினர் செய்துவந்த பணியை அவர்கள் தடை செய்தனர்.

1944-ஆம் ஆண்டு ஏப்பிரல் 19-ஆம் நாள் மார்செல் கைது செய்யப்பட்டார். என்ன குற்றம் செய்தான் என்று தோழன் ஒருவன் கேட்டபோது, இவன் அளவுக்கு மீறிய கத்தோலிக்கன் என்று காவல் அதிகாரி விடையளித்தான். திருடன், கலகக்காரன், ஒற்றன் என்று சொல்லவில்லை. அளவுக்கு மீறிய கத்தோலிக்கன்! அவ்வதிகாரியின் வாயிலிருந்து அறியாமலே வந்த புகழ்மாலை இது. நம்மைப் பற்றி நம் முதலாளியோ, உடன் வேலை செய்பவரோ அப்படிச் சொல்லக் காரணம் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

கோத்தா நகரச் சிறையில் தோழர்களோடு அடைக்கப்பட்டார். அங்கே 1944 ஜூலையில் இரகசியமாக உள்ளே கொண்டு வரப்பட்ட நற்கருணையை உட்கொண்டார். அந்நாளைத் தம் குறிப்பில் பேரானந்த நாளாகப் பதிந்து வைத்தார். பின்னர் ஃபுளோசன்பூர்க் முகாம். அங்கிருந்து அக்டோபரில் ஆஸ்திரியாவின் மௌட்ஹவுசன் வதைமுகாம். அதன் கிளையான கூசன். விமான உறுப்புகள் செய்யும் வேலை, அடி, பட்டினி, வயிற்றுப்போக்கு, காசநோய். உடல் வீங்கி எழ முடியாத நிலையிலும் உடனிருந்தோரை நம்பிக்கையோடிருக்கத் தூண்டினார்.

1945-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டு சரியாக இரண்டு ஆண்டுகள். அதே சூசையப்பர் திருநாள். இறக்கும் வேளையில் அவரைத் தாங்கியிருந்த கைதி ஒருவர், ஆயிரமாயிரம் பேர் மாள்வதைக் கண்டிருந்தும் இத்தகைய ஒளி பொருந்திய பார்வையைத் தாம் கண்டதில்லை என்று பின்னாளில் சான்று கூறினார். ஏழு வாரத்திற்குள் அம்முகாம் விடுவிக்கப்பட்டது. கார்டைனின் முதல் தோழர்களான தோனேயும் கார்சேயும் அதே 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாகாவ் வதைமுகாமில் மாண்டிருந்தனர். கார்டைனும் 1942-இல் நாஜிகளின் சிறையில் இருந்தவரே.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மார்செல் கல்லோவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். பொதுநிலையினரைப் பற்றி ஆயர் மாமன்றம் உரோமையில் கூடியிருந்த நேரம் அது. குருவல்ல, துறவியல்ல, எழுத்துக் கோத்த கையுடைய ஓர் இளைஞர் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட்டார்.

ஆயரும் இளைஞரும் ஒரே வரிசையில்

போருக்குப்பின் இயக்கம் உலகெங்கும் பரவியது. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உரோமை இராயப்பர் சதுக்கத்தில் பல நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய 32,000 இளம் தொழிலாளர் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரின் முன் கூடினர்.

நம் ஆசியக் கண்டத்திலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். கொரியாவின் காங்வா தீவில் நெசவாலைகளில் உழைத்த இளம் கிறிஸ்தவ தொழிலாளர், தம் உரிமைக்காகத் தொழிற்சங்கம் அமைக்க முன்வந்தனர். 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். இயக்கத்தைச் சேர்ந்தவரை இனி வேலைக்கு எடுப்பதில்லை என்று ஆலை முதலாளிகள் சேர்ந்து முடிவு செய்தனர். ‘எதற்கு வம்பு? பேசாமல் இருங்கள்’ என்று ஆயர்கள் சொல்லியிருக்கலாம். இயக்கத்திற்குப் பொறுப்பாயிருந்த மாசான் மறைமாவட்ட ஆயர் கிம் சூ-ஹுவான் அவர்களோ அத்தொழிலாளரின் பக்கம் நின்றார். தொழிலாளரின் உரிமையைக் காத்து, கொரிய ஆயர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டில் அவர் சியோல் பேராயரானார், 1969-இல் கர்தினாலானார். பின்னாளில் கொரியாவின் சர்வாதிகார ஆட்சிக்கு முன் அஞ்சாது பேசிய குரல் அவருடையதே. அக்குரலுக்கு முதல் பயிற்சி ஏழை நெசவுத் தொழிலாளரின் அருகில் கிடைத்தது என்று சொன்னால் தவறாகாது.

கார்டைன் பட்டறைகளில் கற்ற முறையைத் திருச்சபை முழுவதும் ஏற்றுக்கொண்டது. பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தாயும் ஆசிரியையும்’ என்னும் திருமடலில், காணுதல், சீர்தூக்குதல், செயலாற்றுதல் என்னும் மூன்று படிகளையும் சமூகப் போதனையை வாழ்வில் கடைப்பிடிக்கும் வழியாகக் குறிப்பிட்டு, இளைஞர் அதைப் பயில வேண்டுமெனப் பரிந்துரைத்தார். 1965-ஆம் ஆண்டு பெப்ருவரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கார்டைனைக் கர்தினாலாக உயர்த்தினார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் இறுதி அமர்வில் அவர் உரையாற்றினார். அவ்வாண்டிலேயே பொதுநிலையினர் திருத்தொண்டைப் பற்றிய சங்க ஏடும், இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றிய ஏடும் வெளிவந்தன. அவர் 1967 ஜூலை 24-ஆம் நாள் காலமானார். லாக்கன் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தையல் பெண்களை முதன்முதல் ஒன்றுகூட்டிய பங்கு மண்ணில் துயில் கொள்வதே அவருக்குப் பொருத்தம்.

நம் வீட்டு முற்றத்தில்

அன்பார்ந்த பெற்றோரே, இனி நம் வீட்டிற்குத் திரும்புவோம். நம் பங்குகளில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் தொழிலாளர் இயக்கமும் பணியாற்றுகின்றன. கார்டைன் காட்டிய இதே முறையைத்தான் நம் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? பிள்ளையின் புதுநன்மைக்குப் பங்கே திரண்டு வருகிறது. உறுதிபூசுதலுக்கு ஆயர் வருகிறார். திருமணத்திற்கு ஊரே கூடுகிறது. பள்ளியை விட்டு ஒரு பையன் முதன்முதலாக வேலைக்குப் போகும் நாளன்று மட்டும் பங்கிலிருந்து யார் வருகிறார்கள்? அவன் வாழ்வில் பெருந்திருப்பமான அந்நாளில் அவன் தன்னந்தனியே பேருந்தில் ஏறிப் போகிறான். அதன்பின் அவனை நாம் ஆலயத்தில் காணவில்லையென்றால், குறை அவனுடையது மட்டுமா?

நூற்பாலைக்குச் சென்று விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளை, விசைத்தறிக் கூடத்தில் இரவு முழுவதும் நிற்கும் இளைஞன், நகரத்தில் வாகனத்தில் உணவுப்பொட்டலம் சுமந்து நேரத்தோடு பந்தயம் ஓடும் மகன் எல்லோரும் நம் பங்கின் குடும்ப ஏட்டில் பெயர் எழுதப்பட்டவர்களே. பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பதும், பதினெட்டுக்குட்பட்டவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதும் குற்றமென்று 2016-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அது நம் தெருவில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று காணும் கண் நமக்கு வேண்டும்.

எனவே எளிய மூன்று காரியங்களைச் செய்யலாம். இரவு உணவின்போது வேலையிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், ‘எவ்வளவு கொடுத்தார்கள்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘உன் பக்கத்தில் வேலை செய்கிறவர் யார்? அவருக்கு என்ன கஷ்டம்?’ என்றும் கேட்போம். இது காணுதல். அன்றிரவுச் செபமாலையில் அந்த மனிதரின் பெயரைச் சொல்லி ஒரு பத்து மணி செபித்து, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, இயேசு அவ்விடத்தில் இருந்தால் என்ன சொல்வார் என்று குடும்பமாக எண்ணுவோம். இது சீர்தூக்குதல். மறுநாள் ஒரு சிறு காரியமாவது செய்வோம்: நோயுற்றவரைப் பார்ப்பது, கூலி கிடைக்காதவரோடு அலுவலகம் வரை நடப்பது, மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது. இது செயலாற்றுதல்.

இப்படிச் செய்யும் வீட்டில், மகன் மனு எழுதப் போனால் தாய் அஞ்சமாட்டார். அவன் எங்கிருந்து புறப்பட்டான் என்று அவருக்குத் தெரியும். முழங்காலில் நின்றால் கூலி உயருமா என்று மகனும் கேட்கமாட்டான். முழங்காலில் நின்றவன்தான் நேராக எழுந்து நிற்கும் துணிவைப் பெறுகிறான் என்பதை அவன் கண்டிருப்பான். செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாகப்பர் தம் நிருபத்தில் எச்சரித்தார். செபமற்ற செயல் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதைச் சேலா-மேலிஸில் மார்செல் கழித்த முதல் இரண்டு மாதங்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 19-ஆம் நாள் நாம் சூசையப்பர் திருநாளைக் கொண்டாடுகிறோம். இனி அத்திருநாளன்று, தச்சுப்பட்டறையில் உழைத்த அப்புனிதரின் அருகில், அச்சுக்கூடத்தில் உழைத்த இவ்விளைஞரையும் நினைவுகூர்வோம். அன்று நம் பங்கில் புதிதாக வேலைக்குச் சென்றுள்ள பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, பீடத்தின் முன் நிறுத்தி ஆசியளிக்குமாறு நம் பங்குத்தந்தையரை வேண்டுவோம். அப்பிள்ளைகள் தங்கள் வேலைத்தலத்திற்குத் தனியே போகவில்லை என்பதை அன்றாவது அறிந்துகொள்ளட்டும்.